ஆறு உறையும் வரை

முதல் தேர்வின் பட்டியலை
கேன்டீன் வாசலில்தான் ஒட்டினார்கள்.
சூப் வாங்கப் போகிறவர்கள்
தங்கள் எண்ணைக் கடந்துதான் போக வேண்டும்.
இருபத்துநாலு பெயர்கள்.
இருபத்துமூன்றாவது நான்.
எனக்கும் கீழே, என் அறையில் இருக்கும் கெஸ்கிலே.
என் பெயரை விட்டுவிட்டு
அவள் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றேன்,
தண்ணீருக்குள் காலால் தரையைத் தேடுகிறவளைப் போல.

வில்யுய் ஆற்றங்கரையில் நான் சர்க்கரை.
யாகூத்ஸ்க் வந்து இறங்கிய அன்றே இலுப்பைப்பூ.
அங்கே வாத்தியார் ஒரு கணக்கைப் போட்டுவிட்டு
சரிதானா என்று என் முகத்தைப் பார்ப்பார்.
இங்கே எர்ச்சிம் என்றொரு பையன்
வாயில் ரொட்டியோடு பகா எண்களைச் சொல்கிறான்,
விழுங்கிவிட்டு
விட்ட எண்ணிலிருந்து தொடர்கிறான்.

அன்றிரவு கெஸ்கிலே சொன்னாள்:
"நான் போகிறேன்."
அழவில்லை. காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள்.
ஆனால் அவள் ஊர் லேனாவுக்கு அக்கரையில்.
பாலம் கிடையாது.
படகு நின்றுவிட்டது; பனிக்கட்டி இன்னும் லாரி தாங்காது.
மாமா வரும்வரை இரு என்றார்கள் வீட்டில்.
ஆக, போய்விட்ட ஒருத்தி
ஐந்து வாரம் எங்களோடு வகுப்பில் உட்கார்ந்திருந்தாள்.

நாங்கள் கேட்க வெட்கப்பட்டதையெல்லாம் கேட்டாள்.
"இது ஏன் சரி?"
"எனக்கு முந்தின வரியே புரியவில்லை."
ஸ்பிரிடோனோவ் சார் ஒருமுறை
சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு
வெகுநேரம் பலகையைப் பார்த்தார்.
எர்ச்சிம் சிரித்தான்.
அப்புறம் மெதுவாகத் தன் நோட்டைப் புரட்டினான்.

ஜன்னலுக்கு வெளியே ஆணியில் தொங்கும் எங்கள் பை.
அதில் குதிரை இறைச்சி,
அவள் அம்மா தட்டில் ஊற்றி உறையவைத்த பால் வட்டங்கள்.
மைனஸ் நாற்பத்தொன்று. தனியாக ஃப்ரிட்ஜ் எதற்கு?
ஒருநாள் விளக்கணைத்த பிறகு
ஒரு வட்டத்தை எடுத்து மடியில் வைத்து
கத்திமுனையால் ஒரு தொடுகோடு கீறினாள்.
ஒரு நாண். இன்னொரு நாண்.
டார்ச் பிடித்தது நான்.
ஒரு வாரமாக யாருக்கும் வராத கணக்கு.
"பார், இந்தக் கோணம்தானே அங்கேயும் இருக்கிறது?"
இருந்தது.
எழுதி வைக்கலாமே என்றேன்.
எதற்கு என்றாள்.
நிரூபணத்தை உடைத்து
ஆளுக்குப் பாதியாகத் தின்றோம். பல் கூசியது.

மறுநாள் அதைப் பலகையில் எழுதியது நான்.
யாருடையது என்று சார் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
கடைசி பெஞ்சிலிருந்து கெஸ்கிலே
"மூன்றாவது வரியில் கோணம் மாறிப்போயிருக்கு" என்றாள்,
உண்மையாகவே உதவுகிற குரலில்.
அழித்தபோது என் கை முழுக்க வெள்ளை.

இரண்டாவது பட்டியலில் அவள் பதினாலு.
இருபத்துநாலு யாரென்று சொல்ல வேண்டியதில்லை.
அதே வாரம்
ஆற்றின்மேல் லாரி போகலாம் என்று ரேடியோவில் சொன்னார்கள்.
சார் அறைக்கே வந்து நின்றார், கோட்டைக்கூடக் கழற்றாமல்.
"பதினாலாவது ஆள் போகலாமா?"
"மாமா டீசல் போட்டுவிட்டார், சார்."

இப்போது பட்டியலில் இருபத்துமூன்று பெயர்கள்.
இருபத்துமூன்றாவது நான்.
பழைய எண்தான். கீழே வெறும் சுவர்,
பிறகு கேன்டீன் கதவின் கைப்பிடி.

ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா கேட்டாள்:
"எத்தனாவது?"
சொன்னேன்.
"எத்தனை ஆயிரம் பேரில்?"
அவள் பின்னால் நாய் குரைத்தது,
யாரோ கதவைச் சாத்தினார்கள்.
குரல் சரியாகக் கேட்கவில்லை என்றேன்.

பையில் பால் வட்டம் ஒன்று மிச்சம்.
எடுத்து வந்து மடியில் வைத்திருக்கிறேன்,
பாவாடை நனைகிறது.
கத்தியை எங்கே வைத்துவிட்டுப் போனாளோ.